அப்பிடியில்லை

எங்கள் வீட்டு முன்னறைச் சுவருக்குத் தமிழ் தெரியும்.

லண்டன் மனோர் பார்க்கில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வீடுகளின் வரிசையில் எங்களுடையதும் ஒன்று. இடது பக்கத்தில் ஒரு லிதுவேனியக் குடும்பம். அந்தச் சுவர் பேசாது. வலது பக்கச் சுவர் பேசும். மாலையில் அம்மா செபமாலை முடித்து மாதா மன்றாட்டு சொல்லும்போது, ஒவ்வொரு வரியின் முடிவிலும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கோ" என்பார். புத்தகத்தில் இருப்பது "வேண்டிக்கொள்ளும்". ஆனால் மாதாவிடம் ஒன்றைக் கேட்கும்போது மரியாதைக்கு 'ங்கோ' போடாமல் கேட்க அம்மாவின் நாக்கு ஒப்பாது. மூன்றாவது 'ங்கோ'வில் சுவரில் டொக் டொக் என்று கேட்கும். மறுநாள் காலை குப்பைத் தொட்டியை வெளியே தள்ளும்போது விளக்கம் வரும்.

"அப்பிடியில்லை. வேண்டிக்கொள்ளும். மாதா என்ன உங்கட வீட்டுக்கு வந்த விருந்தாளியே, ங்கோ போட்டுக் கதைக்க?"

அம்மா தலையை ஆட்டுவார். அன்று மாலை குரலைத் தாழ்த்திச் சொல்வார். ஆனால் 'ங்கோ' போகாது. அந்த இடம் வரும்போது மட்டும் ஒரு கணம் நிறுத்திச் சுவரைப் பார்த்துக்கொள்வார்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அதிலும் ஒரு எழுத்துப் பிழை கண்டுபிடிப்பார். நான் அவரை அன்ரி என்றேன். அம்மா அக்கா என்றார். எங்கள் பங்குக் கோவிலில் இருந்த மன்னார்ப் பெண்களும் யாழ்ப்பாணப் பெண்களும் அவர் முன்னால் கொஞ்சம் குனிந்தே நின்றார்கள். அவர் யாழ்ப்பாணத்தில் கொன்வென்ற்றில் ஆங்கிலத்தில் படித்தவர், வங்கியில் வேலை பார்த்தவர். இந்த இரண்டையும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் யாருக்கும் சொல்லிவிடுவார்.

அவருடைய கைப்பையில் ஒரு சிவப்புப் பேனை இருந்தது. ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் மரக்கறிக் கடைக்குப் போனால், அட்டையில் 'முருங்கக்காய்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுக் காயை எடுக்காமல் பேனையை எடுப்பார். 'ங்'குக்கும் 'க'வுக்கும் நடுவே ஒரு 'ை' செருக முடியாமல் அட்டை முழுவதையும் வெட்டி எழுதுவார். கடைக்காரர் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். அன்ரி போனதும் அட்டையைத் திருப்பி மறுபக்கத்தில் மறுபடியும் 'முருங்கக்காய்' என்று எழுதுவார்.

இது வேடிக்கை. வேடிக்கை இல்லாததும் உண்டு. எங்கள் தெருவில் ஒருவர் இறந்துபோனபோது, கண்ணீர் அஞ்சலி நோட்டீசை அவருடைய மனைவி மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தார். அன்ரி பக்கத்தில் உட்கார்ந்தார், தோளில் கை வைத்தார், தானும் கண்ணைத் துடைத்தார். பிறகு விரலை நீட்டி, "இதில 'அன்னார்' எண்டு வரவேணும், 'அண்ணார்' எண்டு போட்டிருக்கினம், பாத்தனீங்களோ?" என்றார். அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு நோட்டீசைப் பார்த்தார். அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவர் அழவில்லை. நோட்டீசுகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து ஒரு பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

அன்ரிக்கு நிறைய அறிவு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கூட்டத்தில் யாருடைய சட்டைப் பொத்தான் கழன்றிருக்கிறது என்று தேடும் கண்ணை அறிவு என்று சொல்வதானால், இருந்தது.

தன்னுடைய பிழை வெளிப்பட்டால் அவருக்கு வேறொரு வாக்கியம் தயாராக இருந்தது. "அப்பிடியும் சொல்லுவினம்." மற்றவர்களுக்கு 'அப்பிடியில்லை', தனக்கு 'அப்பிடியும்'. இந்த இரண்டு சொற்களிலும் அவர் முப்பது வருடம் லண்டனில் சீவித்தார்.

எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. செபப் புத்தகம் முழுவதும் காதால் கேட்டு மனப்பாடம். அப்பா தன் பெயரை எழுதுவார், அதோடு சரி. நான் பார்மசி படித்து, இன்று ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை செய்கிறேன். இதைப் பணிவோடு சொல்ல எனக்குத் தெரியவில்லை, சொல்லவும் விருப்பமில்லை. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி வந்தபோது அம்மா இரண்டு நாள் 'யூனிவேர்சிற்றி' என்ற சொல்லைச் சமையலறையில் பழகினார். பிறகு பயற்றம் பணியாரம் சுட்டு, தட்டில் அடுக்கி, என்னையும் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

"அக்கா, என்ர பிள்ளைக்கு யூனிவசிற்றி கிடைச்சிருக்கு."

பழகியதெல்லாம் அந்தக் கதவு திறந்த சத்தத்தில் போய்விட்டது.

"அப்பிடியில்லை. யூனி... வேர்... சிற்றி. சொல்லுங்கோ பாப்பம்."

அம்மா தட்டை ஏந்தியபடி வாசலில் நின்று மூன்று தரம் சொன்னார். மூன்றாம் தரம் சரியாக வந்தது. அதற்குப் பிறகுதான் அன்ரி என் பக்கம் திரும்பி எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டார். சொன்னேன்.

"ஓ, அதோ. அது முந்திப் பொலிரெக்னிக் எல்லே."

பணியாரத்தை எடுத்துக்கொண்டார். தட்டு ஒரு கிழமை கழித்து வந்தது.

எனக்குப் பன்னிரண்டு வயதில், பூசை முடிந்து வெளியே வந்தபோது, அன்ரி என் பின்னலை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்திருக்கிறார். "எண்ணெய் வைச்சுக்கொண்டு ரெயினில ஏறாதை பிள்ளை. வெள்ளைக்காரன் மூக்கைப் பொத்துவான்." பக்கத்தில் என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் நின்றார்கள். அன்றிலிருந்து அம்மாவை என் தலையைத் தொட விடவில்லை. அம்மா எண்ணெய்ப் போத்தலைத் தன் முழங்காலுக்கு மட்டும் வைத்துக்கொண்டார். அன்ரியின் தலைமுடியோ எப்போதும் தோளளவு வெட்டி, எண்ணெய் என்பதைக் கண்டறியாத முடிபோல உலர்ந்து பறந்துகொண்டிருக்கும். நான் அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அம்மாவின் முழங்கால்களைப் பற்றிச் சொல்லாமல் மிச்சக் கதையைச் சொல்ல முடியாது. அவர் இருபது வருடமாக அலுவலகங்களைத் துப்புரவு செய்கிறவர். அதில் ஒன்று, வெளிநாட்டுப் பயணங்கள் ஒழுங்கு செய்யும் இடம். அங்கே சுவரில் கண்ணாடி போட்ட பெரிய படம். கறுத்த எரிமலைப் பாறை, நடுவில் பால் கலந்த நீலத்தில் ஆவி பறக்கும் தண்ணீர், அதற்குள் கழுத்துவரை அமிழ்ந்து கண்ணை மூடியிருக்கும் ஒரு பெண். அம்மா தினமும் காலை ஐந்து மணிக்கு அந்தப் பெண்ணின் முகத்தைத் துடைத்தார். "இவளுக்கு முழங்கால் நோகாது" என்று வீட்டில் வந்து சொல்வார். எங்கே அந்த இடம் என்று ஒருநாள் என்னைக் கூட்டிப்போய் வாசிக்கச் சொன்னார். ஐஸ்லாந்து.

வேலை கிடைத்த முதல் வருடம் அம்மாவை அங்கே கூட்டிப்போக ஒழுங்கு செய்தேன். அம்மா அதைக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து அன்ரியிடம் சொல்லிவிட்டார்.

"நானும் வாறன்," என்றார் அன்ரி. "உங்களுக்கு அங்க இங்கிலீசில கதைக்க ஆள் வேணுமே."

நான் பக்கத்தில்தான் நின்றேன். லண்டனில் பிறந்து, லண்டனில் படித்தவள். அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவுக்கோ யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது.

விமான நிலையத்தில் அம்மாவின் கைப்பையை நிறுத்திவிட்டார்கள். உள்ளே துணியில் சுற்றிய நல்லெண்ணெய்ப் போத்தல். சுடுதண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் முழங்காலில் தேய்க்கக் கொண்டுவந்தது. அதைத் தொட்டிக்குள் போட்டார்கள். நான் பார்த்தேன், அன்ரியும் பார்த்தார்.

"போர்ட்டில எழுதியிருக்கெல்லே. வாசிக்கத் தெரியாட்டில் வாசிக்கத் தெரிஞ்ச ஆளிட்டக் கேக்கோணும்," என்றார். அவருடைய பெரிய சூட்கேஸ் முன்பே விமானப் பொதிகளோடு போய்விட்டிருந்தது. அதற்குள் என்ன இருந்தது என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

ஐஸ்லாந்தில் இறங்கியதும் காற்றில் ஒரு நாற்றம். "முட்டை கூழாகின மணம்," என்றார் அம்மா.

"அப்பிடியில்லை. கந்தகம்."

"எங்கட கன்னியாச் சுடுதண்ணிக் கிணறு மாதிரியோ அக்கா?"

"அப்பிடியில்லை. அது கிணறு. இது எரிமலை."

அன்ரி சாரதியிடம் அவர்களுடைய மொழி டேனிஷ்தானே என்று கேட்டார். இல்லை, ஐஸ்லாண்டிக் என்றார் சாரதி. "அப்பிடியும் சொல்லுவினம்," என்று அன்ரி எங்களிடம் தமிழில் சொன்னார்.

அந்தக் குளம் ஒரு சிறிய கிராமத்தில் இருந்தது. கறுத்த கற்களை அடுக்கிக் கட்டிய கரை; சுற்றிலும் பாசி படர்ந்த எரிமலைக் குழம்புத் தரை. உடை மாற்றும் அறையில் ஒரு பெரிய அறிவித்தல். குளத்தில் இறங்குவதற்கு முன் உடுப்பு எதுவும் இல்லாமல், சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வர வேண்டும். குளத்துத் தண்ணீரில் மருந்து கலப்பதில்லை, ஆகவே உடம்பில் அழுக்கோ எண்ணெயோ இருக்கக் கூடாது. ஒரு மனித உருவத்தை வரைந்து, தலையிலும் அக்குளிலும் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். அன்ரி அதை முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் உரக்க வாசித்து எங்களுக்கு விளக்கினார். வாசித்து முடித்ததும் அம்மாவைப் பார்த்து, "விளங்கினதே?" என்றார்.

அம்மாவுக்கு நன்றாகவே விளங்கியது. வெட்கத்தில் முகம் சிவந்து, ஒரு மூலையில் சுவரைப் பார்த்து நின்று, தலையிலிருந்து கால்வரை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் குளித்தார். "கோயிலுக்குள்ள போறதெண்டால் கால் கழுவுறம்தானே, அதைப்போலத்தான்," என்றார் என்னிடம். ஈஸ்ட் ஹாமில் வாங்கிய நீளக் கை நீச்சலுடையை மாட்டிக்கொண்டு திரும்பினோம். அன்ரி நீச்சலுடையோடு, தலையில் இறுக்கமான ரப்பர்த் தொப்பியோடு, ஒரு துளி ஈரமில்லாமல் கதவடியில் நின்றார். அறிவித்தலை வாசித்தவர் அவர்தான். குளித்தவர்கள் நாங்கள்.

தண்ணீருக்குள் இறங்கிய அம்மாவின் முகத்தை நான் மறக்க மாட்டேன். படத்தில் இருந்த பெண்ணைப்போலக் கழுத்துவரை அமிழ்ந்தார். கண்ணை மூடினார். அம்மா ஒன்றும் செய்யாமல் இருப்பதை அன்றுதான் பார்த்தேன். "முழங்கால் எங்க இருக்கெண்டே தெரியேல்லை பிள்ளை," என்றார் மெல்ல.

பத்து நிமிடம் போயிருக்கும். தண்ணீரின் மேல் மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம் அசைந்து வந்தது. கந்தகத்தைத் தாண்டி எனக்குத் தெரிந்த ஒரு மணம் வந்தது. வெந்தயம் கருகின மணம். திரும்பிப் பார்த்தேன். அன்ரியின் தொப்பியின் ஓரத்திலிருந்து காதடி வழியாக எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. கழுத்தில் காற்றுப் பட்ட இடத்தில் அது மெழுகுதிரி உருகியதுபோல வெள்ளையாக உறைந்திருந்தது. லண்டனில் பனிக்காலத்தில் தேங்காயெண்ணெய்ப் போத்தலை வெந்நீரில் வைத்து உருக்கிய எவருக்கும் அந்த வெள்ளை தெரியும்.

சுடுதண்ணீர் என்றதும் அவருக்கு எண்ணெய் முழுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. காலையில் தங்குமிடத்தில் கதவைப் பூட்டிவிட்டு, சூட்கேசில் கொண்டுவந்ததைத் தலை நிறைய அப்பியிருக்கிறார். அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூவரும் சிரித்திருப்போம். அவருக்கும் எனக்கும் நடுவே இருந்த பகை அங்கேயே கரைந்திருக்கும்.

பக்கத்தில் இருந்த ஒரு முதியவர் கையை உயர்த்த, அங்கே வேலை செய்யும் பெண் கரைக்கு வந்து குனிந்தார். கோபமில்லாமல்தான் கேட்டார். உங்களில் யாரோ எண்ணெய் பூசியிருக்கிறீர்கள், யார் என்று சொன்னால் போய்க் கழுவிவிட்டு வரலாம் என்றார்.

அன்ரி ஒரு கணமும் யோசிக்கவில்லை. விரலை அம்மாவை நோக்கி நீட்டினார். தன் மிகச் சிறந்த கொன்வென்ற் ஆங்கிலத்தில், இந்தப் பெண்தான், பாவம், இவருக்கு வாசிக்கத் தெரியாது என்றார்.

நான் வாயைத் திறந்தேன். தண்ணீருக்குள் அம்மாவின் கை என் மணிக்கட்டை இறுக்கியது. அத்தனை வருடம் தரை தேய்த்த கை. வலித்தது.

"சொறி," என்று அம்மா அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார். "சொறி, சொறி." கற்களைப் பிடித்து மேலே ஏறினார். எல்லோரும் பார்த்தார்கள். நானும் பின்னால் ஏறினேன். அன்ரி தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே இருந்தார்.

உடை மாற்றும் அறையில் அம்மா வாங்கில் உட்கார்ந்து காலைத் துடைத்தார். திரும்பவும் போகலாம், நான் சொல்கிறேன் என்றேன்.

"வேண்டாம். எல்லாரும் பாக்க இரண்டாந்தரம் இறங்க ஏலாது."

"ஏனம்மா சொறி சொன்னனீங்கள்? அது அவவின்ர எண்ணெய். உங்களுக்குத் தெரியும்தானே!"

"தெரியும். இறங்கேக்கயே மணந்தது."

"பிறகேன்?"

"அவ அந்தத் தொப்பியைக் கழட்ட ஏலாது பிள்ளை. கழட்டினால் செத்துப்போவா. எனக்கென்ன, ஒரு சொறி. வேலையில நாளுக்கு முப்பது சொறி சொல்லுறனான்."

"அது அநியாயம்."

"அநியாயம்தான். வெள்ளைக்காரிக்கு முன்னால எங்கட ஆளை நான் காட்டிக்குடுக்கமாட்டன்." துவாயை நான்காக மடித்தார். "எங்கட ஆக்களுக்கு முன்னால வரட்டும், பாப்பம்."

கடைசி வசனத்தை நான் பெரிதாக எடுக்கவில்லை. அம்மா யாரோடும் சண்டை பிடித்ததை நான் பார்த்ததில்லை.

இரண்டு ஞாயிறு கழிந்தது. பூசைக்குப் பிறகு பங்கு மண்டபத்தில் தேநீரும் ரோல்சும். பரிமாறும் முறை அன்று அம்மாவுக்கு. பெரிய கேத்தலோடு மேசை மேசையாக வந்துகொண்டிருந்தார். நடு மேசையில் அன்ரி ஐஸ்லாந்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவவில பிழை சொல்ல ஏலாது. வாசிக்கத் தெரிஞ்சால்தானே. போர்ட்டில படமே போட்டிருக்கு, தலையைக் கழுவிப்போட்டு இறங்கு எண்டு. நான் வாசிச்சும் காட்டினனான். குளம் முழுக்க எண்ணெய். வெள்ளைக்காரர் எல்லாம் எழும்பி நிக்கினம். எனக்கு முகத்தை எங்க வைக்கிறதெண்டு தெரியேல்லை."

"என்ன, மீன் பொரிக்கவே போனனீங்கள்?" என்று ஒருத்தி அம்மாவைப் பார்த்துக் கேட்டாள். மேசை சிரித்தது. நான் கதிரையைத் தள்ளி எழுந்தேன். அம்மா என்னைப் பார்த்து இமையைத் தாழ்த்தினார். இரு என்று அர்த்தம்.

கேத்தலை மேசையில் வைத்தார். தானும் சிரித்தார்.

"ஓம் ஓம், என்ர பிழைதான். நல்லெண்ணெய் எண்டால் அப்பிடித்தானே. குளிருக்கு வெள்ளை வெள்ளையா உறைஞ்சுபோச்சு."

"அப்பிடியில்லை," என்றார் அன்ரி. "நல்லெண்ணெய் உறையாது. தேங்காயெண்ணெய்தான் உறையும்."

"ஓமோ? நான் நினைச்சன், கருஞ்சீரகம் போட்டுக் காய்ச்சினதால உறைஞ்சதெண்டு."

"அப்பிடியில்லை! கருஞ்சீரகம் ஆர் போட்டது? வெந்தயம். வெந்தயமும் செவ்வரத்தம்பூவும். தெரியாமல் கதைக்கக் கூடாது."

சொல்லி முடித்த பிறகும் அவருடைய சுட்டுவிரல் காற்றில் நின்றது.

மாதர் சபைத் தலைவி எதையும் உரக்கக் கேட்கும் பெண். ரோல்சை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார். "பொறுங்கோ, அவவின்ர தலையில கிடந்த எண்ணெய்க்குள்ள என்ன பூ கிடந்ததெண்டு உங்களுக்கெப்பிடித் தெரியும்?"

"அம்மாவின்ர போத்தலை எயார்போட்டிலயே எடுத்துப்போட்டாங்கள்," என்றேன் நான். "அன்ரிதான் பக்கத்தில நிண்டவ."

அன்ரியின் கை தானாகத் தலைக்குப் போய், உலர்ந்து பறக்கும் முடியைத் தொட்டது. அவருடைய வாய் ஒரு வாக்கியத்தைத் தேடியது. பழகிய வாய், பழகியதையே கண்டெடுத்தது.

"அப்பிடியும்... சொல்லுவினம்," என்றார்.

முதலில் தலைவிதான் சிரித்தார். பிறகு மேசை. பிறகு ஒன்றும் விளங்காத அடுத்த மேசையும். கணவனின் அஞ்சலி நோட்டீசுகளை மடித்து வைத்த அந்தப் பெண்கூட, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கேத்தலைத் தூக்கி, அன்ரியின் கோப்பையை நிரப்பினார்.

"அக்கா, சீனி ஒண்டோ, இரண்டோ?"

அதில் ஒரு துளி கேலி இல்லை. நான் அன்ரியைப் பல வருடம் வெறுத்திருக்கிறேன். ஆனால் என் வெறுப்பு முழுவதையும் சேர்த்தாலும் அந்தக் கேள்விக்கு ஈடாகாது என்று அன்று தெரிந்துகொண்டேன். அம்மா இரண்டு போட்டுக் கலக்கி வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

சில மாதங்களில் அன்ரி வெம்பிளிக்கு, மகன் வீட்டோடு போய்விட்டார். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. நல்லவர், உள்ளே பாவம் என்று இப்போது சிலர் பேசுகிறார்கள். உள்ளே எப்படி என்று எனக்குத் தெரியாது. வெளியே இருந்தவரோடுதான் நாங்கள் வாழ்ந்தோம்.

மண்டபத்தில் அது நடந்த அன்று மாலையும் அம்மா செபமாலை சொன்னார். மன்றாட்டு வந்தது. அம்மா வழக்கம்போல அந்த இடத்தில் ஒரு கணம் நிறுத்தி வலது பக்கச் சுவரைப் பார்த்தார். பிறகு முழுக் குரலில் சொன்னார்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கோ."

சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருந்தது. தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. அம்மா அடுத்த வரியைச் சொன்னார், அதற்கடுத்ததைச் சொன்னார். மூன்றாவது 'ங்கோ' வந்து போயிற்று. தொலைக்காட்சியின் சத்தம் மெல்லக் குறைந்தது, நின்றது. யாரும் தட்டவில்லை.